வாழ்வின் பொருளுக்கு மதிப்பெண்: இருத்தல்சார் நலத்தை அளக்கும் வினாநிரல்களும் தமிழ் விடைகளும்

ஆக்லாந்தின் தென்கரையில் மனுகாவ் துறைமுகத்தை நோக்கி அமைந்த ஹில்ஸ்பரோவும் அதனை அடுத்த மவுண்ட் ராஸ்கிலும் தென்னாசியர் பலர் வாழும் பகுதிகளாகும். பிள்ளைகளுக்குத் துணையாக வந்து அங்குத் தங்கிவிட்ட தமிழ் முதியவர் ஒருவர், தம் வாழ்க்கை எந்த அளவுக்குப் பொருளுடையது என்ற வினாவைத் தமிழில் எதிர்கொள்வதாகக் கொள்ளலாம். ஐந்து படிகளுள் ஒன்றை அவர் வட்டமிட வேண்டும். வினா கற்பனையன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 26 வினாக்கள் கொண்ட வாழ்க்கைத்தரச் சுருக்க வினாநிரலில் அது ஆறாவது இடத்தில் உள்ளது. ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு அவ்வினாநிரலை நியூசிலாந்துச் சூழலில் ஆராய்ந்து, அந்நாட்டுக்கே உரிய சில வினாக்களையும் அதனோடு சேர்த்துள்ளது.

முதல் இடர் ‘பொருள்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரமும் திருக்குறளின் பொருட்பாலும் ஒரே சொல்லால் இருவேறு உலகங்களைச் சுட்டுகின்றன. மகனது வீட்டில், மகனது வருவாயில் வாழும் முதியவர் ‘பொருளுடைய வாழ்க்கை’ என்பதைச் செல்வமுடைய வாழ்க்கை என்று கேட்டால் குற்றம் அவருடையதன்று. பேச்சுவழக்கில் வேரூன்றிய ‘அர்த்தம்’ இவ்விடத்திற்கு மேலும் பொருந்தும். தனித்தமிழ் ஆர்வம் எல்லா இடத்திலும் தெளிவைத் தந்துவிடுவதில்லை.

இருத்தல்சார் நலம் என்பதைத் தனி அளவுகோலாக்கிய கருவிகளுள் பரவலாகப் பயன்படுவது, பலூட்சியனும் எலிசனும் 1982-இல் வெளியிட்ட ஆன்மிக நலன் அளவுகோல் ஆகும். அதன் 20 கூற்றுகளுள் 10 கடவுளோடுள்ள உறவையும், எஞ்சிய 10 வாழ்வின் நோக்கத்தையும் நிறைவையும் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள். எனவே இருத்தல்சார் நலம் 10 முதல் 60 வரையிலான ஓர் எண்ணாகிறது. அதன் இரண்டாம் கூற்று, தான் யார், எங்கிருந்து வந்தோம், எங்கே செல்கிறோம் என்பதை அறியாத நிலையைக் கூறுவது. அதனை முழுமையாக ஏற்பவர் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவார்.

இங்கே ஒரு தமிழ்ப் பனுவலை அதன் அருகில் வைத்து நோக்க வேண்டும். 1901-02 காலப்பகுதியில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு, அப்போது பேசாதிருந்த இரமணர் எழுத்தில் விடையளித்தார். அவ்விடைகளே ‘நான் யார்?’ என்ற நூலாயின. அதுவும் ஒரு வினாநிரலே. ஆனால் அங்கு ‘நான் யார் என அறியேன்’ என்ற நிலை, தேடலின் தொடக்கம், குறைபாடன்று. அந்நெறியில் ஊறிய ஒருவர் இரண்டாம் கூற்றை ஏற்று ‘ஆம்’ என்றால் அளவுகோல் அதனை வெறுமையாகக் கணக்கிடும். தம்மை ‘இன்னார் மகன், இன்ன ஊரினன், பணி ஓய்வு பெற்றவன்’ என்று ஐயமின்றி அறிந்தவர் நிறைவுடையவராகிவிடுவார். ஒரே மதிப்பெண், சோர்ந்தவரையும் தேடுபவரையும் ஒரே கட்டத்தில் அமர்த்துகிறது. மருத்துவ நோக்கில் இவ்வளவுகோலைப் பயன்படுத்துவோர்க்கு இது சிறு பிழையன்று. மனச்சோர்வு இல்லாதவருக்கு அது உண்டெனவும், உள்ளவருக்கு இல்லையெனவும் கொள்ள இடமுண்டு.

எதிர்மறைக் கூற்றுகள் மேலும் ஓர் இடரைத் தருகின்றன. ‘எனக்குத் தெரியாது’ என்ற கூற்றோடு உடன்படாமையைத் தெரிவிப்பது தமிழில் இரட்டை மறுப்பாகும். வாய்மொழியாகக் கேட்கப்படும்போது ‘ஆமாம், தெரியாது’, ‘இல்லை, தெரியும்’ என்ற விடைகளை எப்படியில் குறிப்பது எனக் கேட்பவரே தடுமாறுவார். நலம் விசாரித்தால் ‘ஏதோ ஓடுகிறது’ என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அதில் அடக்கமும் உண்டு, கண்ணேறு குறித்த அச்சமும் உண்டு. அந்த ‘ஏதோ’வுக்கு ஐந்து படிகளில் இடமில்லை, அது நடுப்படியில் விழுந்து சராசரியாகிவிடுகிறது.

ஹெரால்ட் கோனிக் 2008-இல் எழுப்பிய கண்டனம் வேறு வகையினது. மன அமைதியையும் வாழ்வின் நோக்கத்தையும் ஆன்மிகத்தின் அடையாளமாக அளந்துவிட்டு, ஆன்மிகம் மனநலத்தை உயர்த்துகிறது என முடிவு கூறுவது ஒன்றையே இருமுறை அளப்பதாகும் என்பது அவர் வாதம். இது எம்மொழிக்கும் பொருந்தும். எனினும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் முயற்சியை இதே தட்டில் வைத்தல் நேர்மையாகாது. அதன் முதன்மை வினாநிரல், தொடக்கத்திலிருந்தே 15 மையங்களில் ஒருங்கே உருவாக்கப்பட்டது. அவற்றுள் சென்னையும் ஒன்று. ஆன்மிகம் சார்ந்த அதன் விரிவாக்கத்தில் 32 வினாக்கள் எட்டுக் கூறுகளாக அமைந்து, வியப்புணர்வு, ஒருமைப்பாடு, நம்பிக்கை போன்றவற்றைப் பிரித்துக் கேட்கின்றன. அது ஒற்றை எண்ணைவிட மேலானது.

ஆயினும் விடையளிப்பவர் அங்கும் ‘நான்’ ஒருவரே. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் கூட்டு உளவடுவைப் பற்றி 2007-இல் எழுதியபோது, சிதைவு தனிமனிதருள் மட்டுமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் நிகழ்ந்ததைக் காட்டினார். ஈழத்திலிருந்து ஆக்லாந்து சேர்ந்த குடும்பங்களை எண்ணினால், தனிமனித மதிப்பெண் எதைத் தவறவிடுகிறது என்பது விளங்கும். நியூசிலாந்திலேயே இதற்கு மாற்று உண்டு. மேசன் டூரி 1984-இல் முன்வைத்த ‘தே ஃபரே தாப்பா ஃபா’ என்ற மாவோரி நலமாதிரியில் ஆன்மாவும் மனமும் உடலும் குடும்பமும் ஒரே வீட்டின் நான்கு சுவர்கள். அதன்வழி எழுந்த ‘ஹுவா ஒராங்கா’ அளவீட்டில் நலம் நாடுபவர், அவர்தம் குடும்பத்தார், மருத்துவப் பணியாளர் ஆகிய மூவரும் விடையளிப்பர்.

தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு இலக்கணத்திலேயே உள்ளது. எவ்வினாநிரலும் அதனைப் பயன்படுத்திக்கொண்டதாகத் தோன்றவில்லை. ‘பேரப்பிள்ளைகள் நன்றாக இருந்தால் எனக்கு அது போதும்’ என்று ஹில்ஸ்பரோ முதியவர் சொல்வாராயின், அது தன்னிறைவா, தன்மறப்பா, ஒதுங்கிய தனிமையின் மூடலா என்பதை அவரோடு வாழ்பவரும் சொல்லக்கூடும். இரண்டாம் கூற்றைத் தமிழாக்குவோர் அதன் கீழே இரண்டு வரிகள் வெற்றிடம் விட்டு, ‘அறியாமை உங்களை வருத்துகிறதா?’ என ஒரு துணைவினாவையும் சேர்க்கலாம்.