வீராம்பட்டினம் ஒலிபெருக்கிக்கு நான் ரசிகன்

அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்து வைத்த அலை உயரத்தை, புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கம்பத்து ஒலிபெருக்கியில் தமிழில் கேட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. செல்போனே அபூர்வம். இணையம் பார்க்க வேண்டுமென்றால் டவுனுக்குள் போய்க் காசு கொடுத்து உட்கார வேண்டும். அந்த நாளில் நானும் அந்த மணலில் நின்று கேட்டிருக்கிறேன்: காற்று எந்தத் திசையிலிருந்து வரும், அலை எத்தனை மீட்டர் எழும், கடலுக்குப் போகலாமா கூடாதா. அறிவிப்பு முடிந்ததும் பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்தார், கடலின் நீரோட்டமான நீவாட்டைப் பார்த்தார், "சரியாத்தான் சொல்றான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்குப் பிடித்த மோகம் இன்னும் விடவில்லை.

இதைச் செய்தது சென்னையில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பணம் கொடுக்க, 1998-ல் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கினார்கள். பசுமைப் புரட்சி என்றால் விதை, உரம், விளைச்சல் என்றே சுவாமிநாதனை நினைத்துப் பழகிய நமக்கு, அவர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோனார் என்பது நினைவில் நிற்பதே இல்லை. எனக்கு அவருடைய காரியங்களில் மிகப் பிடித்தது இதுதான்.

ஏற்பாடு எவ்வளவு அழகு தெரியுமா! வில்லியனூரில் தொலைபேசி வழியாக இணையம், அமெரிக்கக் கடற்படையின் அலைக் கணிப்பு வந்தது அதில்தான். அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் வயர்லெஸ். போலீஸ்காரர்கள் கையில் வைத்துப் பேசுவார்களே, அதே வகை ரேடியோவில் குரலையும் அனுப்பினார்கள், எழுத்தையும் அனுப்பினார்கள். கரண்ட் போனால் வேலை நிற்கக் கூடாது என்று கூரையில் சூரியத் தகடு. இடம் கொடுப்பது ஊர், உட்கார்ந்து நடத்துவது ஊர்ப் பிள்ளைகள். அதிலும் பெண்கள்தான் அதிகம். பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் அந்தத் திரைக்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். கேட்க வந்த ஆண்கள் பக்கத்தில் நின்று, "அந்த விலையை இன்னொரு தடவை பாரும்மா" என்று பொறுமையாகக் காத்திருந்ததையும் பார்த்தேன்.

கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்னால் அவர்கள் ஊருக்குள் போய்க் கேட்டார்கள்: உங்களுக்கு எந்தச் செய்தி வேண்டும், இப்போது அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள்? இந்தக் கேள்விக்காகவே அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடலாம். விவசாயி உரத்தின் விலையையும் நெல்லின் விலையையும் கேட்டார். கூலி வேலை செய்பவர்கள் அரசாங்கத் திட்டங்களைக் கேட்டார்கள்: தங்களுக்கு என்ன உண்டு, எந்த ஆபீசில் எந்தக் காகிதம். மீனவர் கேட்டது அலை. கேட்டது எதுவோ அதுதான் கம்ப்யூட்டருக்குள் போனது. எங்கோ தயாரித்த தகவலை ஊர் தலையில் கட்டவில்லை. இணையத்தில் கிடைக்காத சங்கதிதான் பாதிக்கு மேல்: பக்கத்துச் சந்தை விலை, பஸ் நேரம், மாட்டு டாக்டர் யார், எங்கே இருக்கிறார். அவற்றை அந்தப் பெண்களே நடந்து, விசாரித்து, சேர்த்து எழுதினார்கள்.

எம்பலத்துத் தகவல் மையம் இருந்தது பழைய கோயில் கட்டடத்தில். கோயிலுக்குள் போக எல்லாருக்கும் அனுமதி இல்லை. மையத்துக்கு வேறு வாசல், அந்த வாசலில் எல்லாரும் நுழையலாம். எந்தச் சாதி, மாதவிலக்கு நாளா என்று யாரும் கேட்கக் கூடாது. 2000-ல் நியூயார்க் டைம்ஸ் இந்த ஊரைத் தேடி வந்து, அந்த இரண்டு வாசலையும் எழுதியது. ஓர் அம்மாவின் பசுவைப் பற்றியும் எழுதியது. பசு கன்று போட முடியாமல் நாட்கணக்கில் தவித்திருக்கிறது. பால் விற்றுப் பிழைக்கிற குடும்பம். மாடு போனால் வருமானமும் போச்சு. மையத்துப் பெண் பட்டியலைத் திறந்து மாட்டு டாக்டரைக் கண்டுபிடித்துச் சொல்ல, டாக்டர் வந்து கன்றை இழுத்து எடுத்தார். தாயும் பிழைத்தது.

வட்டாரப் பொருளாதாரம் என்று பெரிய வார்த்தையில் பேசுகிறவர்கள் இந்தப் பசுவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு மாடு செத்தால் அந்த வீடு வட்டிக்குக் கடன் வாங்கும். கடன் வாங்கிய வீடு பிள்ளையின் படிப்பை நிறுத்தும். டாக்டரைப் பற்றிய அந்த ஒரு விவரம் சரியான நேரத்தில் கிடைத்ததால் இத்தனையும் நடக்கவில்லை. கடலிலும் இதே கணக்குதான். அலை ஏறும் என்று முந்தின மாலையே தெரிந்தால் டீசல் மிச்சம், வலை மிச்சம், உயிர் மிச்சம். வலை கிழிந்தால் புது வலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அவர் சொல்கிற விலைக்குத்தான் மீன். ஒரு நாள் மோசமான கடலில் இறங்காமல் இருப்பது பல மாதத்துப் பாட்டைக் காப்பாற்றும். இதைக் கரையில் நிற்கிற யாரும் விளக்கிச் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

கீழூரைச் சும்மா பெயர் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. பிரெஞ்சு இந்தியாவை இந்தியாவோடு இணைக்கலாமா என்று 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டது இந்தச் சின்ன ஊரில்தான். இணையலாம் என்று 170 பேர் சொன்னார்கள். அந்த ஊரிலேயே தகவல் மையமும் வந்தது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

வில்லியனூரிலிருந்து 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் வந்தது. கம்ப்யூட்டர் பக்கம் வராதவர்கள் கைக்கும் செய்தி போகட்டும் என்ற ஏற்பாடு. எந்தத் திட்டத்துக்கு எப்போது விண்ணப்பம், எந்த ஊரில் என்ன பயிற்சி என்று எல்லாம் அதில் இருக்கும். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதைப் பார்க்க வேண்டும்! ஒலிபெருக்கியும் சரி, இந்தப் பத்திரிகையும் சரி, கம்பி முடிகிற இடத்திலிருந்து காது வரைக்கும் இருந்த கடைசித் தூரத்தைக் கடந்தன. பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் அந்தக் கடைசிப் பத்தடியில்தான் படுத்துவிடுகின்றன. புதுச்சேரிக்காரர்கள் அங்கேதான் ஜெயித்தார்கள். 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது வந்தபோது எங்கள் வீட்டில் யாரோ சொந்தக்காரப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியது போல இனிப்பு வாங்கினேன்.

வீராம்பட்டினம் போலவே தகவல் மையம் இருந்த இன்னொரு கரையோர ஊர் நல்லவாடு. அங்கே நடந்தது 2004 டிசம்பர் 26, சுனாமி நாளில். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். காலையில் டிவியில் சுமத்ரா பூகம்பச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் வருகிறது, ஓடுங்கள் என்றார். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்துக்கு ஓடினார்கள், மைக்கைப் பிடித்தார்கள், ஒலிபெருக்கி கத்தியது. ஏறத்தாழ 3,600 பேர் இருந்த ஊர் காலியானது. வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் உடைந்துவிடும். வேலைக்காகக் கடல் தாண்டிப் போன பிள்ளை, ஊரில் விட்டுப்போன சொந்தம், நடுவில் தினமும் அலை உயரமும் ஏல விலையும் சொல்லிப் பழகிய ஒரு மைக். தினமும் பேசிய மைக் என்பதால்தான் அன்றைக்கு ஊர் அதை நம்பி ஓடியது. ஆபத்துக்கென்று தனியாக மாட்டி, வருஷம் முழுக்கத் தூசி படிந்து கிடக்கும் கருவி சொல்லியிருந்தால் எத்தனை பேர் அசைந்திருப்பார்கள்? சில்லறைப் பயன்கள்தான் ஒரு வலைப்பின்னலுக்கு உயிர் கொடுக்கின்றன என்று அடித்துச் சொல்வேன்.

பிறகு 2007-ல் அதே நிறுவனம், மீனவ நண்பன் என்ற பொருளில் பெயர் வைத்து, ஃபிஷர் ஃபிரெண்ட் என்ற செல்போன் செயலியைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று, மீன் திரளக்கூடிய இடம் எல்லாம் இப்போது படகிலேயே, தமிழிலேயே. சர்வதேச எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். ராமேஸ்வரம் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள், அந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவர் என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார். நான் கடலுக்குப் போகிறவன் அல்ல. ஆனாலும் காலையில் காபியோடு அலை உயரம் பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது.

வில்லியனூர் வலைப்பின்னலுக்கு இங்கிலாந்திலும் ஒரு சகோதரன் உண்டு. லங்காஷயர் கிராமங்களில் பெரிய கம்பெனிகள் வேகமான இணையம் தரவில்லை. 2011-ல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு 'பார்ன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியாகக் குழாய் போட இடத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். ஊரே மண்வெட்டியும் டிராக்டருமாக இறங்கிப் பள்ளம் வெட்டிக் கண்ணாடி இழைக் கம்பி புதைத்தது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் கிறிஸ் காண்டர் என்ற விவசாயக் குடும்பத்துப் பெண்மணி, இன்னொருவர் பாரி ஃபோர்ட் என்ற வலையமைப்பு நிபுணர். அவர்கள் வெட்டிய பள்ளத்தின் படங்களைப் பார்த்தபோது, நம்ம வில்லியனூர் ஆட்கள் மாதிரியே இருக்கிறார்களே என்று துள்ளினேன்.

நம்ம கரைக்கே திரும்பினால், இன்றைக்கு என் கையில் இருப்பது மீன் குரூப். முன்பு கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்ற ஓர் அக்காவும், கல்லூரி படித்த அவர் மகளும் நடத்துகிற வாட்ஸ்அப் குழு. படகு கரையேறியதும் அக்காவின் குரல் வரும்: "சங்கரா வந்திருக்கு, நெத்திலி பளபளன்னு இருக்கு, வஞ்சிரம் வெலை ஏறிப்போச்சு, வேணாம் விடுங்க." விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லும் கடை வேறு எங்கே உண்டு! யாருக்கு எத்தனை கிலோ என்று மகள் எழுதிக்கொள்வாள். ஏலத்தில் எடுக்கும்போதே யார் வீட்டுக்கு எது என்று தெரிந்திருப்பதால் மீன் தேங்குவதில்லை, ஐஸுக்குச் செலவில்லை, சாயங்காலம் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. கூடையைத் தலையில் வைத்து வெயிலில் நடந்த காலத்தில் மிச்சம் நிற்காத காசு இப்போது நிற்கிறது என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

மீனவர் குடும்பத்துப் பெண்கள் கையில் இந்தக் குழுக்கள் இருப்பது எனக்குப் பெரிய விஷயம். பெரிய செயலிக் கம்பெனிகளும் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கின்றன. கொடுக்கட்டும். ஆனால் அந்த லாபம் எந்த ஊருக்குப் போகிறது? அக்காவுக்கு நான் அனுப்பும் பணம் அந்தக் கரையிலேயே மளிகைக் கடைக்கும், வலை தைப்பவருக்கும், ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கும் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாத தடைக்காலத்திலும் குழு தூங்குவதில்லை. கட்டுமரத்தில் வந்த கொஞ்சம் மீன், வெயிலில் காய வைத்த கருவாடு, அக்கா கையால் அரைத்த குழம்பு மசாலா என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். போன தடைக்காலத்தில் பாகூர் பக்கத்து விவசாயி ஒருவரை அக்காவே குழுவில் சேர்த்துவிட்டார். அவருடைய பூங்கார் அரிசியும் மாப்பிள்ளைச் சம்பாவும் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கின. கடற்கரைக் குழு வயல்காட்டையும் இழுத்துக்கொண்டது! இதெல்லாம் யாரும் திட்டம் போட்டு, கூட்டம் போட்டுச் செய்ததில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் இப்படி ஒரு குழு கண்டிப்பாக இருக்கும். மீன் இல்லையென்றால் பாலோ, நெல்லோ, முருங்கையோ. விசாரித்துச் சேர்ந்துவிடுங்கள். சேர்ந்த பிறகு பேரம் பேசாதீர்கள். பணத்தை அன்றைக்கே அனுப்புங்கள், அது மறுநாள் ஏலத்துக்கான முதல். வஞ்சிரம் மட்டும்தான் மீன் என்று நினைக்காதீர்கள். காரப்பொடி வந்திருக்கிறது என்று குரல் வந்தால் யோசிக்காமல் கை தூக்குங்கள். பூண்டு நிறையத் தட்டிப் போட்டு, மாங்காய் நாலு துண்டு சேர்த்துக் குழம்பு வையுங்கள்.