மலையகப் பாடசாலைகளிற் சித்திரக் கல்வி: ஒரு நோக்கு

மலையக மாணவரின் சித்திரக் கொப்பிகளைப் புரட்டுவோர் பெரும்பாலும் ஒரே காட்சியையே காண்பர்: இரு முக்கோண மலைகள், இடையே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை. தென்னை வளராத நுவரெலியாக் குளிரிலும் பிள்ளை தென்னையையே வரைகிறது. இப்படம் அதன் கண்ணிலிருந்து வந்ததன்று, கரும்பலகையிலிருந்து வந்தது.

பார்த்து வரைதலே சித்திரம் என்னுங் கொள்கை இந்நாட்டில் எதிர்ப்பின்றி நிலவவில்லை. 1920களிற் சித்திரத்துக்குத் தலைமை வித்தியாதரிசியாயிருந்த சி. எவ். வின்சர் பிள்ளைகளின் சொந்தக் கற்பனைக்கு இடமளிக்க முயன்றார். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் பெயராலேயே ஒரு சித்திரக் கழகத்தை நிறுவினார். அக்காலத் தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு என்ற அளவில் தோட்ட நிருவாகத்தின் கீழ் இருந்தன. 1977 முதலே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அவ்வலை மலையேறவில்லை எனலாம்.

ஹட்டனுக்கு அண்மையில் ஒரு வகுப்பில் யான் கண்டதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். ‘எங்கள் தோட்டம்’ என்பது தலைப்பு. சிறுமி ஒருத்தி மலையைக் கபில நிறத்தில் தீட்டினாள். ஆசிரியர் பஸ்டலை வாங்கி அதன்மேற் பச்சை பூசினார். அவளது லயத்துக்கு எதிரேயிருந்ததோ கவ்வாத்து வெட்டிய மலை. கொப்புங் கொழுந்தும் இழந்த தேயிலை கபில நிறமாகத்தான் நிற்கும். அடுத்த படத்தைத் தொடங்குமுன் அவள், “சேர், மலைக்கு என்ன கலர்?” என்று கேட்டாள்.

அவ்வாசிரியரைக் குறைகூறி அமைதல் எளிது. அவரும் அவ்வாறே கற்றவர். பரீட்சைப் பெறுபேற்றுக்கு விடைகூற வேண்டியவரும் அவரே. பார்த்து வரைதல் முற்றாகத் தீதுமன்று. தாய் இடுங் கோலத்தைப் பார்த்தே மகளுங் கற்கிறாள். ஆயின், மகள் இட்டதை அழித்து அவ்விடத்திலே தன் கோலத்தை இடுந் தாய் அரியள்.

மறுபுறம், எதனைக் காட்டினும் ‘மிக நன்று’ எனப் புகழ்ந்தாற் தன்னம்பிக்கை வளருமென்பாரும் உளர். இதுவும் எமக்கு உடன்பாடன்று. புகழுக்காக வரையும் பிள்ளையும் தாளை விட்டு ஆசிரியரின் முகத்தையே பார்க்கிறது. திருத்திக் காட்ட வேண்டுமாயின் ஆசிரியர் வேறொரு தாளில் வரைந்து காட்டலாம். அதற்கும் முன்னர், “இந்த நிறத்தை எங்கே கண்டாய்?” என்று அன்று கேட்டிருப்பின், அச்சிறுமி சன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருப்பாள்.