முளைப்பாரிக்கு அடுத்த நாள்

திருநெல்வேலிச் சீமையில் விதை முளைப்பதைக் கண்கொண்டு ரசிக்கும் பழக்கம் மிகப் பழையது. அம்மன் கோவில் கொடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே மண்சட்டியில் வைக்கோலும் எருத்தூளும் மண்ணும் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளித்து முளைப்பாரி வளர்க்கிறார்கள். கொடையன்று பெண்கள் அதைத் தலையில் சுமந்து வரும்போது எந்தச் சட்டியின் முளை நெருக்கமாகவும் ஒரே உயரத்திலும் நிற்கிறது என்பதை ஊரே நின்று பார்க்கிறது. விதையின் உயிர்ப்பு, நீரின் அளவு, வளர்த்தவரின் கைப்பக்குவம் ஆகிய மூன்றையும் ஒருசேர எடைபோடும் பார்வை அது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் நடக்கும் அங்குரார்ப்பணமும், கல்யாண வீட்டில் பாலிகை தெளிப்பதும் அதே பார்வையின் வேறு வடிவங்களே. வீட்டுத் தோட்டத்தில் முதன்முதலாக விதை ஊன்றுபவர் தம் கலையின் முதற்பாதியை முளைப்பாரியிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். மறுபாதியில் அதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும்.

முளைப்பதற்கு விதை கேட்பது ஈரம், காற்று, இளஞ்சூடு ஆகிய மூன்றைத்தான். இருட்டு பெரும்பாலான காய்கறி விதைகளுக்குத் தடையாவதில்லை. ஆனால் முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டிய பின்னும் இருட்டு நீடித்தால், வெளிச்சத்தைத் தேடித் தன் சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே அது செலவழித்துவிடும். பச்சையம் ஊறாமல் வெளிர்மஞ்சளாக நிற்கும். முளைப்பாரியின் அழகு அந்த வெளிர்மையில்தான் இருக்கிறது, ஏனெனில் அது சில நாளில் ஆற்றிலோ குளத்திலோ கரைக்கப்படுவது. தக்காளி நாற்றோ தொண்ணூறு நாள் வெயிலிலும் காற்றிலும் நிற்க வேண்டியது. ஆடிக் காற்றுக்கு அஞ்சி நாற்றுத்தட்டை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர் தம்மை அறியாமல் முளைப்பாரிதான் வளர்க்கிறார்.

அந்தக் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியில் பட்டம் என்பது விதைப்புக்கு உகந்த பருவத்தைக் குறிக்கிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இப்பருவம் விசித்திரமானது. தென்மேற்குப் பருவமழை பொதிகையின் மேல் கொட்டித் தீர்த்துவிட, மலையின் மழைமறைவில் கிடக்கும் சமவெளிக்கு வறண்ட மேல்காற்றே வந்து சேர்கிறது. மலையில் பெய்த நீர் ஆறாக இறங்கிக் கால்வாய் வழியே கார் நெல்லை விளைவிக்கிறது. சமவெளியின் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது; பிசான நெல் அந்த மழைக்கு உரியது. ஆகவே நெல்லையின் ஆடி விதைப்பு, பூவாளி நீரை நம்பி நடப்பது. வீட்டின் கீழ்ப்புறச் சுவரை ஒட்டி நாற்றுப்பாத்தி அமைத்தால் காலை வெயில் நேராக விழும். பிற்பகல் வெயிலையும் மேல்காற்றையும் சுவரே தாங்கிக்கொள்ளும். மண்ணுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை: குளத்துக் கரம்பை, அதாவது குளத்தின் அடியில் படிந்த வண்டல், ஒரு பங்கும் மட்கிய சாண எரு ஒரு பங்கும் சேர்த்து, இறுகாமலிருக்க மணல் கலந்தால் போதும்.

பழமொழியின் நுட்பம் அவரையில் துலங்குகிறது. கொடியாகப் படரும் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகினால் மட்டுமே பூப்பது; சித்திரையில் ஊன்றினாலும் மாதக்கணக்கில் கொடியும் இலையுமாகப் பந்தலை நிறைத்துக்கொண்டு, பூவுக்குக் குளிர்காலம் வரையில் காத்திருக்கும். ஆடியில் ஊன்றிய விதையோ, பந்தலேறி முடித்த வேளையில் பொழுது குறுகிவர, கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் காய்க்கும்.

அவரை முளைப்பதும் அருகிலமர்ந்து பார்க்கத் தக்கது. வேர் முதலில் கீழிறங்கிப் பிடித்துக்கொள்ள, தண்டு கூன் வளைந்து, அந்தக் கூனாலேயே மண்ணை முட்டித் தூக்கும். நுனி மேலிருந்தால் சிதைந்துவிடும் என்பதால் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. வெளிச்சம் பட்டதும் கூன் நிமிர்கிறது. முளைக்கு உணவு வைத்திருக்கும் தடித்த விதையிலைகள் இரண்டும் பிரிகின்றன. பீர்க்கிலும் பாகலிலும் சில சமயம் விதையின் ஓடு குல்லாய்போல் விதையிலைமேல் ஒட்டிக்கொண்டே மேலே வந்துவிடும். மேலாக ஊன்றியதும் மேல்மண் காய்ந்ததுமே அதற்குக் காரணம். நகத்தால் பிய்த்தால் இலையும் சேர்ந்து கிழியும். இரண்டு சொட்டு நீர் விட்டு ஓட்டை நனைத்துக் காத்திருந்தால் அதுவே கழன்று விழும். புதியவரின் கை இந்தக் காத்திருப்பில்தான் பழகுகிறது.

ஊன்றும் ஆழம் விதையின் பருமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கலாம். கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவ வேண்டும். முளைப்பாரியின் நெருக்கத்தை மட்டும் பாத்தியில் விரும்பக் கூடாது. நெருங்கிய நாற்றில் ஈரம் தங்கி, மண்மட்டத்தில் தண்டு நைந்து ஒரே இரவில் சாய்ந்துவிடும். நாற்றழுகல் எனப்படும் இப்பூஞ்சண நோயை வரவிடாமல் தடுக்க, இடைவெளி விட்டு விதைப்பதும் காலையில் மட்டும் நீர் தெளிப்பதுமே நல்ல வழி.

பூக்களில் கேந்தி புதியவரைக் கைவிடுவதில்லை. ஒரு வாரத்துக்குள் முளைத்து இரண்டு மாதத்தில் மொட்டு வைக்கும். ரசிகருக்கு உரியது கனகாம்பரம். காய்ந்த அதன் கதிரில் மழைத்துளி பட்டதும் காய்கள் சடக்கென வெடித்து விதையைத் தூர எறியும். அடுத்த மழையில் துளசி மாடத்தின் இடுக்கில்கூட அதன் நாற்று நிற்கும். பழுத்த கதிரை மழைக்கு முன்பே கொய்து, துணியில் முடிந்துவைத்தால்தான் விதை கைக்குக் கிடைக்கும். சந்தையில் மிகுதியாக விற்கும் டெல்லி கனகாம்பரம் விதை கட்டாத மும்மய வகை என்பதால், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்டது என்பதால், அது போத்து வைத்தே பெருக்கப்படுகிறது.

கத்தரியில் இப்பள்ளத்தாக்குக்குத் தனிப்பெருமை உண்டு. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, குளத்தூர் வட்டாரத்து நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட ‘கே.கே.எம். 1’, முட்டை வடிவில் பால்வெள்ளைக் காய்களைக் கொத்தாகக் காய்ப்பது. அது தனிவழித் தேர்வு, அதாவது கலப்பில்லாமல் ஒரே வழியில் பிரித்தெடுத்த ரகம். வீரிய ஒட்டு விதையைப்போல் அடுத்த தலைமுறையில் குணம் சிதறுவதில்லை. ஆகவே விதைக்கென ஒரு காயைச் செடியிலேயே விட்டுவைப்பதில் பொருள் இருக்கிறது. குழம்புக்குப் பறிப்பவர் கை தவறிப் பறித்துவிடாமல் காம்பில் நூல் கட்டி வைப்பார்கள். நாள் செல்லச் செல்ல வெள்ளை மங்கி மஞ்சளேறி, தோல் தடித்து, காய் கனமாகத் தொங்கும். அதை அறுத்துப் பிசைந்து நீரில் கரைத்தால் பதர் மிதக்கும், முதிர்ந்த விதை அடியில் தங்கும். அடியில் தங்கியதை அள்ளிச் சாம்பலில் புரட்டி, திண்ணை நிழலில் உலர்த்தி, அடுத்த ஆடிக்கென்று முடிந்து வைக்கிறார்கள்.