மாணவர் ஆய்வும் மக்கள் நம்பிக்கையும்

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பட்டத்தின்பொருட்டு எழுதும் ஆய்வேட்டைப் பெரும்பாலும் மூவரே படிக்கின்றனர்: எழுதியவர், வழிகாட்டியவர், பரீட்சகர். அதன்பின் அது நூலகத்து அடுக்கில் உறங்கிவிடுகின்றது. இந்நிலைக்கு விலக்காக அமைந்து, ஒரு துறையின் போக்கையே மாற்றிய மாணவர் ஆய்வுகளும் சில உள. மைசூரில் 1916 ஆம் ஆண்டு பிறந்த எம். என். சீனிவாஸ் குடகு நாட்டு மக்களின் சமயத்தையும் சமூகத்தையும் பற்றி எழுதி, 1952 இல் நூலாக வெளிவந்த ஆய்வு அவற்றுள் ஒன்று. சமூகவியல் பயில்வோர் இன்றும் அதனைப் போற்றுகின்றனர். போற்றுதல் வேறு, ஆராய்தல் வேறு. அந்நூலின் வலிமை யாது, குறை யாது, ஈழத்துத் தமிழ் மாணவர் தம் ஊரின் நம்பிக்கைகளை ஆராயப் புகுமிடத்து அதனிடமிருந்து கொள்ளத்தக்கது யாது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் அந்நூல் உருவான வரலாற்றை அறிதல் வேண்டும். சீனிவாஸ் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் குர்யேயிடம் பயின்றவர். குடகிற் செய்திகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டு 1944 இல் மிக விரிவான ஆய்வேடொன்றை அங்குச் சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டு ஒக்ஸ்போட் சென்று, முதலில் றட்கிளிவ் பிறவுண், பின்னர் இவான்ஸ் பிரிச்சாட் ஆகியோரின் வழிகாட்டலில் ஏறத்தாழ அதே செய்திகளை மீண்டும் ஆராய்ந்து, 1947 இல் மற்றுமோர் ஆய்வேட்டை எழுதி முடித்தார். அதுவே நூலாயிற்று.

ஈண்டு நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். குறிப்பேடுகள் அவையே, குடகும் அதுவே, ஆயின் இரண்டாவது ஆய்வேடு முதலாவதன் மறுபதிப்பன்று. முன்னையது வழக்கங்களைத் தொகுத்து விரித்தது. பின்னையது ஒரு வினாவை எழுப்பியது: இச்சடங்குகள் இம்மக்களின் கூட்டு வாழ்வில் எத்தொழிலைப் புரிகின்றன? அவ்வினா எழுந்ததும் சிதறிக் கிடந்த செய்திகள் ஒழுங்குபெற்றன. ஒரே மூதாதையின் ஆண்வழியில் வந்தோர் சேர்ந்து வாழும் 'ஒக்க' என்னும் குடும்ப அமைப்பு, முன்னோர் வழிபாடு, புதுக்கதிர் கொய்யும் புத்தரி விழா, ஊர்த்தெய்வத் திருவிழா, நம்மவர் துடக்கு எனக் கூறும் தீட்டுப் பற்றிய எண்ணங்கள் ஆகிய யாவும் தம்முள் தொடர்புடையன என்பது புலனாயிற்று. செய்தி ஆய்வாகாது, வினாவே செய்தியை ஆய்வாக்குகின்றது. இவ்வுண்மைக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இந்நூல் வழங்கிய கருத்துக்களுள் மிகுதியும் பரவியது, தமிழில் சமஸ்கிருதமயமாதல் என்றும் மேனிலையாக்கம் என்றும் வழங்கும் கருத்தாகும். தாழ்ந்ததெனக் கருதப்படும் சாதியொன்று ஊனும் கள்ளும் விலக்கி, தன் சடங்குகளையும் தெய்வங்களையும் வடமொழி நெறிக்கு இசைய மாற்றி, ஓரிரு தலைமுறையில் உயர்நிலை கோருதல் உண்டு என்பது அதன் சாரம். குடகருள்ளே ஒரு சிறு பிரிவினர் ஊனையும் மதுவையும் விலக்கிப் பூணூல் அணிந்தமையை அவர் எடுத்துக்காட்டினார். சாதி அசையாத பாறை என்று எண்ணியிருந்தோர்க்கு அதனுள்ளும் அசைவு உண்டு என்று காட்டியது இக்கருத்தின் பெருமை.

இனி, குறையைக் கூறுவோம். வினா விளக்காக உதவுவது போலவே திரையாகவும் அமைதல் கூடும். சமூகத்தின் உறுப்புக்கள் ஒன்றையொன்று தாங்கி முழுமையைக் காக்கின்றன என்பது றட்கிளிவ் பிறவுணின் கோட்பாடு. அதனை ஏற்றுச் சென்ற மாணவர் சடங்குதோறும் ஒருமைப்பாட்டையே கண்டார். ஊர்த்திருவிழாவில் ஒவ்வொரு சாதியினரும் தத்தமக்குரிய பணியைச் செய்கின்றனர். ஆதலின் விழா ஊரை ஒன்றிணைக்கின்றது என்றார். நிலமுடைய குடகர்க்கு அவ்வாறே தோன்றியிருக்கும். அவர்தம் வயலில் வழிவழியாக உழைத்த பொலெயர்க்கும் அவ்வாறே தோன்றிற்றா? அவர்கள் வாய்மொழி நூலில் உரிய இடம் பெறவில்லை. ஒருவர்க்கு உரிமையாக விளங்கும் சடங்கு மற்றொருவர்க்கு ஊழியமாக இருத்தல் கூடும். கூட்டு நம்பிக்கை என்று எழுதுமுன், அக்கூட்டில் யார் உளர், யார் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்று கேட்பது ஆய்வாளர் கடன்.

அவரது மேனிலையாக்கக் கருத்தை நம் நாட்டு வழிபாடொன்றின் மீது பொருத்திப் பார்ப்பின் அதன் வலிமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும். கண்ணகி வழிபாடு ஈழத்தில் நெடுங்காலம் வேரூன்றியது. சிங்கள மக்களும் பத்தினித் தெய்வம் எனப் போற்றுவது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) இவ்வழிபாடு சைவாகம நெறிக்கு ஒவ்வாதது எனக் கண்டித்தார். காலப்போக்கில் அங்குக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலிய பெயர்களைப் பெற்றன. மட்டக்களப்பிலோ கண்ணகை அம்மன் கண்ணகை அம்மனாகவே விளங்குகின்றாள். வைகாசியில் திருக்கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி நிகழ்த்துதல் இன்றும் உண்டு. ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து கொம்பு முறித்த வழக்கமும் அம்மனுடன் தொடர்புடையது.

யாழ்ப்பாணத்து நிகழ்ச்சியை மேனிலையாக்கம் என ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். அவ்வாறு அடக்கியோரும் உளர். ஆயின் சீனிவாஸ் கூறிய வண்ணம் இது தாழ்நிலையினர் உயர்நிலை கோரிய முயற்சி மட்டுமன்று. நாவலரின் இயக்கத்தை முன்னின்று நடத்தியோர் நிலமும் கல்வியும் உடைய மேல்நிலையினர். அவர்களைத் தூண்டியவற்றுள் கிறித்தவ மிசனரிமாரின் கண்டனத்துக்கு விடையளிக்கவேண்டிய தேவையும் ஒன்று. 'உங்கள் சமயம் யாது?' என்று அச்சேறிய நூல்கள் வினவியபோது, அச்சேறிய நூல்களாலேயே விடை கூறவேண்டியதாயிற்று. அவ்விடையில் வணிகர் குலத்துப் பெண்ணொருத்திக்கு இடமில்லாது போயிற்று. குடகிற் பிறந்த கருத்து இங்குப் பாதி வழிதான் துணைவரும்.

மறுபாதியை விளக்க மட்டக்களப்பை நோக்குதல் வேண்டும். அங்குத் தாய்வழிக் 'குடி' முறை உண்டு. கோயில் உரிமைகளும் வரிசைகளும் குடிகளுக்கென வகுக்கப்பட்டன. கண்ணகை கோயில்களிலே பிராமணரல்லாத கட்டாடியாரும் கப்புகனாரும் பூசை செய்யும் மரபு உளது. தெய்வத்தின் பெயரும் பூசையும் மாறின் குடிகளின் உரிமையும் குலையும் என்பதனாலேதான் பழமை அங்கு நிலைத்ததோ? மிசனரிமாரோடு நிகழ்ந்த வாதம் அங்கு வேறு வடிவம் பெற்றமையாலோ? விடையை யாம் முன்கூட்டி மொழியவில்லை. இத்தகைய வினாவுடன் ஒரு மாணவர் ஊருக்குட் புகுவாராயின், குளிர்த்திப் பாடலும் குடிக்கல்வெட்டும் கோயிற் கணக்கும் அவர் கையிலே புதுப்பொருள் பெறும் என்பதே எம் துணிபு.

நம் மாணவர் ஆய்வுகள் பலவற்றில் யாம் காணும் குறை உழைப்பின்மை அன்று. பாடல்களைத் திரட்டுகின்றனர், சடங்குகளை நிரல்படுத்துகின்றனர், ஈற்றில் 'இவை நம் பண்பாட்டின் சிறப்பை உணர்த்துகின்றன' என முடிக்கின்றனர். அம்முடிவு ஊருக்குப் போகுமுன்னரே எழுதத்தக்கது. ஆதலின் அது முடிவாகாது. சொந்த ஊரை ஆராய்வோர்க்கு வேறோர் இடரும் உண்டு. அந்நியன் அறியாமையாற் கேட்கும் கேள்வியை ஊரவர் வெட்கத்தாற் கேளாது விடுகின்றனர். தம் வீட்டார் எக்கோயிலின் எவ்வீதி வரை செல்வர், எவரைத் தேர்வடம் தொடவிடார் என்பன அறிந்திருந்தும் எழுதப்படாது போகின்றன.

சீனிவாஸ் தாமே இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றார். 1948 இல் அவர் மைசூர்ப் பகுதியில் இராம்புரம் எனப் புனைபெயரிட்ட ஊரொன்றில் தங்கி ஆய்ந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்ரான்போட்டில் மூண்ட தீயிலே, அவர் பகுத்து எழுதிவைத்திருந்த குறிப்புக்களின் மூன்று பிரதிகளும் எரிந்தன. மனந்தளராது பெரும்பாலும் நினைவைத் துணைகொண்டு எழுதி, 1976 இல் 'நினைவில் நின்ற ஊர்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். அந்நூலிற் கோட்பாடு பின்னே நிற்க மனிதர் முன்னே நிற்கின்றனர். பூசலும் கட்சியும் மறைக்கப்படவில்லை. ஊர்த்தலைவரின் ஆதரவில், பிராமணராக மதிக்கப்பட்டு வாழ்ந்தமையால் தாம் கண்டதற்கும் எல்லை இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மாணவப் பருவத்து நூல் விட்ட இடத்தை முதிர்ந்த அறிஞர் தாமே நிரப்ப முயன்றார் என்க.

எரிந்த ஏடுகளின் துயர் நமக்குப் புதிதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு அழிந்தவை அச்சு நூல்கள் மட்டுமல்ல. படியெடுக்கப்படாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். பின்வந்த போராண்டுகளில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. வழக்குரை பாடிய முதியோர் பலர் பாடலையும் தம்முடன் கொண்டு சென்றனர். எனவே இன்று ஒரு மாணவரின் குறிப்பேடு அவருடைய பட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கண்டது வேறு, கேட்டது வேறு, கருதியது வேறு எனப் பிரித்து எழுதுக. கோயில் முன்றிலில் நிற்போரையும் வெளிவீதியில் நிற்போரையும் ஒருங்கே வினவுக. எழுதி முடித்த ஆய்வேட்டின் படியொன்றை அவ்வூர் வாசிகசாலைக்கு அளிக்க. 'இது தவறு, நாங்கள் இவ்வாறு செய்வதில்லை' என்று ஊரார் ஒருவர் அதன் ஓரத்திலே எழுதுவாராயின், அந்நான்காம் வாசகரின் திருத்தமே அவ்வாய்வு உயிர்பெற்றது என்பதற்கு அடையாளமாகும்.