வாயுதூத்: நஷ்டக் கணக்கு மட்டும்தான் வரலாறா?

வாயுதூத் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 1981-ல் தொடங்கியது, நஷ்டத்தில் ஓடியது, 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைந்தது. தகவல் சரிதான், தீர்ப்புதான் இடிக்குது.

லாபம் வராத ஊர்களுக்குப் பறக்கத்தானே ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து அதை ஆரம்பித்தன? முதலில் வடகிழக்கு, பிறகு நாடு முழுக்கச் சிற்றூர்கள். எங்கள் திருவதிகைக்குப் பக்கத்து நெய்வேலியிலும் அதன் 19 சீட் டோர்னியர் இறங்கியது. சின்ன விமானத்தில் ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு எப்போதுமே அதிகம். அதை ஈடுகட்ட நிலையான வழி செய்யாமலே ஊர்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிழை அங்கேதான்.

2016-ல் அறிவித்த உடான் திட்டம் அந்தப் பற்றாக்குறையை மானியமாக முன்பே ஒப்புக்கொண்டது. வாயுதூத்துக்கு நாம் கொடுக்காத நியாயம் அது.