நடைமேடைக் குரல்

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் ஒலிக்கும் அந்தப் பெண்குரலை எனக்கு மிகவும் பிடிக்கும். துண்டு துண்டாகப் பதிந்த சொற்களைக் கணினி கோத்துத் தருகிறது. வண்டி எண்ணின் 5 இலக்கங்களையும் தனித்தனியே நிறுத்திச் சொல்வதால், மூட்டைமுடிச்சோடு ஓடுகிறவர் காதிலும் எண் தப்பாமல் விழுகிறது.

தமிழில் இப்படிக் கோப்பது லேசான வேலையில்லை. 'வரை', 'வழியாக' இரண்டும் எந்த ஊருக்குப் பின்னும் அப்படியே நிற்கும். 'இலிருந்து' நிற்காது, மதுரை 'மதுரையிலிருந்து' ஆகும், எழும்பூர் 'எழும்பூரிலிருந்து' ஆகும். ஊருக்கு ஊர் முழுச் சொல்லாகவே பதிந்தால்தான் ஒட்டு தெரியாது.

இன்றைய செயலிக் குரல்கள் வழவழப்பானவை. ஆனால் பலவும் ழகரத்தில் இடறுகின்றன. நிலையத்துக் குரல் விழுப்புரத்தை விழுப்புரம் என்றே சொல்கிறது. வழிகாட்டிச் செயலிக்குக் குரல் தேடுகிறவர்கள் எழும்பூரில் ஒரு மாலை நின்று கேட்கலாம்.