மறுகலவையும் வழிநூல் மரபும்: ‘பாப்புவா நியூகினி’ இசையை முன்வைத்து

ஒருவர் படைத்ததை மற்றொருவர் மாற்றியமைத்து வெளியிடும்போது அது புதிய படைப்பாகுமா என்னும் வினா மின்னணு இசைக்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூல் அமையும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுத்துள்ளது. ‘தி ஃபியூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டன்’ குழுவின் ‘பாப்புவா நியூகினி’ இசையையும் அதன் மறுகலவைகளையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்குவது பயனுடையதாகும்.

கேரி கோபெய்ன், பிரையன் டூகன்ஸ் ஆகிய இருவரும் அப்பெயரில் வெளியிட்ட முதல் தனிப்பாடல் இது. 1991-இல் வெளிவந்த இப்பாடல், 1992-இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 22-ஆம் இடத்தை எட்டியது. எனினும், இதனை முதல்நூல் என்று எளிதில் கூறிவிட இயலாது. இதனைத் தாங்கி நிற்கும் கீழ்த்தாயி ஒலி மீட் பீட் மேனிஃபெஸ்டோ குழுவின் ‘ரேடியோ பாபிலோன்’ இசையிலிருந்து எடுக்கப்பட்டது. மேலே மிதக்கும் பெண்குரல், டெட் கேன் டான்ஸ் குழுவின் 1987-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் லிசா ஜெரார்ட் பாடியது. ஆகவே, மூலமே தொகுத்தலால் பிறந்ததாகும். பதற்றமான தாளத்தையும் அமைதியான குரலையும் ஒன்றையொன்று அழிக்காமல் நிறுத்திய இணைப்பிலேயே படைப்பாளரின் ஆற்றல் வெளிப்படுகிறது.

ஆண்ட்ரூ வெதரால், 808 ஸ்டேட் குழுவைச் சார்ந்த கிரகாம் மாசி ஆகியோரின் மறுகலவைகள் அவ்விணைப்பின் சமநிலையை வெவ்வேறு வகையில் மாற்றிப் பார்த்தவை. இவற்றைத் தொகைவிரி எனலாம். 2001-இல் அக்குழுவே இப்பாடலின் கூறுகளைப் பல உருப்படிகளாக விரித்து ஒரு தனித் தொகுப்பை வெளியிட்டது. மூலவடிவத்தை முதலில் வைத்துத் தொடங்கும் அத்தொகுப்பின் பெயர் ‘மொழிபெயர்ப்புகள்’ என்பதாகும். முறையால் விரித்தலாகிய ஒன்று மொழிபெயர்ப்பு என்று தன்னை அழைத்துக்கொள்வது இங்குக் கருதத்தக்கது.

மொழிபெயர்ப்பு எனில், எம்மொழியிலிருந்து என்னும் வினா எழுகிறது. லிசா ஜெரார்டின் குரலில் பொருள் தரும் சொற்கள் இல்லை. தலைப்பிலுள்ள நாடோ எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு. பாடலின் அடையாளமாகிய கீழ்த்தாயி ஒலியும் குரலும் அந்நாட்டினுடையவை அல்ல. 1975 வரை அந்நாட்டை ஆண்டது ஆஸ்திரேலியா, அக்குரலுக்குரியவரும் ஆஸ்திரேலியரே. இது தற்செயலாக நேர்ந்ததாகலாம். ஆயினும், ஒரு நாட்டின் பெயர் தொலைவையும் மர்மத்தையும் சுட்டும் வெறும் குறியாகச் சுருங்கியதை அது மேலும் தெளிவாக்குகிறது.

இசையின் அழகை இக்குறை மறைத்துவிடுவதில்லை. பத்தாண்டு கடந்தும் படைத்தவர்களே மீண்டும் அணுகும் அளவிற்கு அதில் வளம் இருந்தது. ஆனால், வழிநூலுக்கு மூலத்தின்பால் ஒரு கடப்பாடு உண்டு என்பது நம் மரபு உணர்த்தும் கருத்து. இம்மறுகலவைகள் ஒலிகளுக்கு அக்கடப்பாட்டை நிறைவேற்றின, பெயருக்கு நிறைவேற்றவில்லை. மாணவரிடையே தழுவல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை வேறுபடுத்திக் கற்பிக்க விழையும் ஆசிரியர்க்கு இப்பாடல் தக்க சான்றாக அமையும்.